மலையேறும் மின்சார சைக்கிள்: வாங்கும் முன்பும் ஏறி மிதிக்கும்போதும்

மின்சார மவுண்டன் பைக் வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விகள்தான். மோட்டார் எத்தனை வாட்? ஒரு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர் போகும்? கடைக்காரர் சொல்லும் பதில் உண்மையாகவே இருந்தாலும், மலைப்பாதையில் அந்த வண்டி எப்படி நடந்துகொள்ளும் என்பது அந்தப் பதிலிலிருந்து தெரியாது. நான் முதலில் கேட்கச் சொல்வது வேறொரு கேள்வி: நான் பெடலை மிதிக்கிறேன் என்பது மோட்டாருக்கு எப்படித் தெரிகிறது? இதற்கு விடை கிடைத்துவிட்டால் தேர்வில் பாதி முடிந்த மாதிரி. வண்டியை நன்றாக ஓட்டக் கற்றுக்கொள்வதும் அதே விடையிலிருந்துதான் தொடங்குகிறது.

கரடுமுரடான பாதைக்கென்றே செய்யப்பட்ட மின்சார சைக்கிளில் முறுக்கி வேகம் கூட்டும் திராட்டில் இருக்காது. கால் சுற்றினால் மோட்டாரும் சேர்ந்து சுற்றும். கால் நின்றால் அதுவும் நின்றுவிடும். நீங்கள் போடும் உழைப்பின் மேல் மோட்டார் தன் பங்கைச் சேர்க்கிறது, அவ்வளவுதான். அதனால் இதை ஓட்டினால் உடற்பயிற்சி இருக்காது என்று நினைப்பவர்கள் ஒரு செங்குத்தான ஏற்றத்தில் அரை மணி நேரம் மிதித்துப் பார்க்கலாம். வியர்வை கொட்டும். ஆனால் மூச்சு முட்டி பாதியில் இறங்கித் தள்ள வேண்டிய இடத்தில், மிதித்தபடியே மேலே போய்ச் சேர்ந்திருப்பீர்கள்.

இந்த வகை வண்டிக்கு வயது அதிகமில்லை. போஷ் நிறுவனத்தின் நடு மோட்டாரை (பெடல்கள் சேரும் இடத்தில் இருக்கும் மோட்டார்) வைத்து ஜெர்மனியின் ஹைபைக் நிறுவனம் 2010-இல் ஒரு மலை சைக்கிளைக் காட்டியபோது, 'மோட்டார் வைத்த சைக்கிள் வயதானவர்களுக்கு' என்ற எண்ணம்தான் பரவலாக இருந்தது. 2019-இல் கனடாவின் மோன்-செயின்ட்-ஆனில் நடந்த மலை சைக்கிள் உலகச் சாம்பியன்ஷிப்பில் இதற்கென்று தனிப் பந்தயமே வந்துவிட்டது. ஆண்கள் பிரிவில் தென்னாப்பிரிக்காவின் ஆலன் ஹாதர்லியும் பெண்கள் பிரிவில் சுவிட்சர்லாந்தின் நத்தாலி ஷ்னைட்டரும் வென்றார்கள். இன்று ஆல்ப்ஸ் மலைச் சரிவுகளில் இது சர்வ சாதாரணமான வண்டி.

வாட் எண் ஏன் ஏமாற்றும்

ஐரோப்பியச் சட்டப்படி, சைக்கிள் என்று கணக்கில் வர வேண்டுமானால் மோட்டாரின் தொடர் திறன் 250 வாட்டுக்குள் இருக்க வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டரைத் தொட்டதும் மோட்டாரின் உதவி நின்றுவிட வேண்டும். இந்தியாவிலும் ஏறக்குறைய இதே எல்லைதான். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உள்ளே இருக்கும் மின்சார சைக்கிள் மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. ஓட்டுநர் உரிமமும் பதிவெண்ணும் தேவையில்லை. அமெரிக்காவில் பல மாநிலங்கள் 750 வாட் வரை அனுமதிக்கின்றன; அங்கே 'கிளாஸ் 1' எனப்படும், மிதித்தால் மட்டும் உதவுகிற வண்டியின் வேக எல்லை மணிக்கு 32 கிலோமீட்டர்.

இப்போது சிக்கல் புரிந்திருக்கும். சட்டம் 250 என்று சொல்வதால், முப்பதாயிரம் ரூபாய் வண்டியிலும் 250 வாட் என்றுதான் போட்டிருக்கும், பல லட்ச ரூபாய் வண்டியிலும் 250 வாட் என்றுதான் போட்டிருக்கும். அந்த எண் மோட்டார் சூடேறிப் பழுதாகாமல் நீண்ட நேரம் தரக்கூடிய திறனைக் குறிக்கிறது. சில நொடிகளோ சில நிமிடங்களோ அது எவ்வளவு தரும் என்பது வேறு கணக்கு. மலை சைக்கிள்களில் பல ஆண்டுகளாகப் பரவலாக இருக்கும் போஷ் பெர்ஃபார்மன்ஸ் லைன் சிஎக்ஸ் மோட்டாரும் தாளில் 250 வாட்தான். ஆனால் உச்சத்தில் 600 வாட் வரை தள்ளும்.

ஆகவே வாட்டை விட்டுவிட்டு முறுக்குவிசையை, அதாவது மோட்டார் சுழற்றித் தள்ளும் பலத்தைப் பாருங்கள். டார்க் என்று விவரத்தாளில் இருக்கும். நியூட்டன் மீட்டரில் சொல்வார்கள். போஷ் சிஎக்ஸ், ஷிமானோ இபி8 இரண்டும் 85 நியூட்டன் மீட்டர் என்ற அளவில் பெயர் வாங்கியவை. டிரோன் செய்யும் டிஜேஐ நிறுவனம் 2024-இல் கொண்டுவந்த அவினாக்ஸ் மோட்டார் 105 நியூட்டன் மீட்டர். மறுபக்கம் டிக்யூ நிறுவனத்தின் எச்பிஆர்50 வெறும் 50 நியூட்டன் மீட்டர்தான். ஆனால் மோட்டாரின் எடை இரண்டு கிலோவுக்கும் குறைவு, சத்தமும் கிட்டத்தட்ட இல்லை. குறைந்த விசை என்றால் மட்டமான மோட்டார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது வேறு மாதிரி ஓட்டுபவருக்கானது. எடை பற்றிப் பேசும்போது அதற்கு வருகிறேன்.

மோட்டாருக்குக் காலின் மொழி தெரிய வேண்டும்

சரி, முதல் கேள்விக்கு வருவோம். மிதிப்பதை அறிய வண்டிகளில் இரண்டு விதமான சென்சார்கள் இருக்கின்றன. ஒன்று, பெடல் சுற்றுகிறதா இல்லையா என்பதை மட்டும் பார்க்கும். கேடன்ஸ் சென்சார் என்பார்கள். சுற்றினால் மோட்டார் ஓடும், நின்றால் நிற்கும்; மெதுவாக மிதித்தீர்களா அழுத்தி மிதித்தீர்களா என்பது அதற்குத் தெரியாது. இன்னொன்று டார்க் சென்சார். நீங்கள் எவ்வளவு பலமாக அழுத்துகிறீர்கள் என்பதை இது ஒரு நொடிக்குள் பலமுறை அளந்து, அதற்கேற்ப மோட்டாரின் விசையைக் கூட்டும், குறைக்கும்.

தட்டையான தார்ச்சாலையில் கேடன்ஸ் சென்சாரே போதும். சரளையிலும் வேர்கள் ஓடும் மண் பாதையிலும் அது தொல்லை தரும். ஒரு பாறையின் முன்னால் வேகத்தைக் குறைத்து, சமநிலை பார்த்து, பெடலைக் கால்வாசிச் சுற்று மட்டும் மெல்ல மிதிக்க நினைப்பீர்கள். மோட்டாரோ பெடல் அசைந்ததைக் கண்டவுடன் மொத்தமாகத் தள்ளும். பின்சக்கரம் சறுக்கும், அல்லது முன்சக்கரம் தூக்கும். இன்னும் மோசமானது, பல வண்டிகளில் பெடல் அரைச் சுற்று சுற்றிய பிறகுதான் மோட்டார் விழித்துக்கொள்ளும். ஏற்றத்தில் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது அந்த அரைச் சுற்றுதான் எல்லாவற்றையும் முடிவு செய்யும்.

கடையில் இதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. சமதளத்தில் வண்டியை ஓடவிட்டு, அழுத்தமே இல்லாமல் கால்களைச் சும்மா சுற்றுங்கள். அப்போதும் மோட்டார் பலமாகத் தள்ளினால் அது சுற்றை மட்டும் பார்க்கிற வண்டி. நீங்கள் அழுத்தினால்தான் உதவி வருகிறது, அழுத்தத்தைக் குறைத்தால் உதவியும் குறைகிறது என்றால் டார்க் சென்சார். விற்பவருக்கே தெரியாமல் இருந்தாலும் உங்கள் காலுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்தது மோட்டார் எங்கே இருக்கிறது என்பது. பின்சக்கரத்தின் நடுவில் இருப்பது ஹப் மோட்டார். பெடல்கள் சேரும் இடத்தில், சட்டகத்தின் அடியில் இருப்பது நடு மோட்டார். ஹப் மோட்டாருக்குச் சைக்கிளின் கியர்கள் எந்த விதத்திலும் உதவாது. செங்குத்தான ஏற்றத்தில் வண்டி மணிக்கு ஆறேழு கிலோமீட்டரில் ஊர்ந்தால் மோட்டாரும் அதே அளவுக்கு மெதுவாகத்தான் சுற்ற வேண்டும். மெதுவாகச் சுற்றும்போது அது நிறைய மின்சாரம் இழுத்து, பெரும்பகுதியைச் சூடாக்கி வீணாக்கும். நடு மோட்டாரின் விசை செயின் வழியாகவும் கியர் வழியாகவும் போகிறது. நீங்கள் லேசான கியருக்கு மாறினால், வண்டி மெதுவாகப் போனாலும் மோட்டார் தனக்குப் பிடித்த வேகத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். மலைக்கு நடு மோட்டார் என்று எல்லோரும் சொல்வதற்கு இதுதான் காரணம். எடை வண்டியின் நடுவிலும் தாழ்வாகவும் இருப்பது கூடுதல் நன்மை. பின்சக்கரம் கனக்காததால் பின் சஸ்பென்ஷன் (அதிர்வைத் தாங்கும் அமைப்பு) நன்றாக வேலை செய்யும்.

நம் ஊர்க் கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் 'மின்சார எம்டிபி' (மவுண்டன் பைக் என்பதன் சுருக்கம்) வண்டிகளில் பெரும்பாலானவை ஹப் மோட்டாரும் கேடன்ஸ் சென்சாரும் கொண்டவை. தடித்த டயரும், முன்சக்கரத்தில் அதிர்வைத் தாங்கும் ஃபோர்க்கும் இருப்பதால் மலை வண்டி போலத் தெரியும். அவற்றைக் குறை சொல்ல மாட்டேன். வேலைக்குப் போய்வரவும், குண்டும் குழியுமான தெருவுக்கும், லேசான மண் பாதைக்கும் அவை நல்ல வண்டிகள். ஆனால் மலைச்சரிவில் பாறைக்கும் வேருக்கும் நடுவே ஓட்டத்தான் வாங்குகிறீர்கள் என்றால், பணத்தைச் சேர்த்து வைத்துக் காத்திருப்பது நல்லது.

பேட்டரியை உயரத்தால் அளங்கள்

பேட்டரியின் கொள்ளளவு வாட்-ஹவரில் சொல்லப்படும். சில கடைகளில் வோல்ட்டும் ஆம்பியர்-ஹவரும்தான் எழுதியிருப்பார்கள். இரண்டையும் பெருக்கினால் வாட்-ஹவர் வந்துவிடும். 36 வோல்ட், 10 ஆம்பியர்-ஹவர் என்றால் 360 வாட்-ஹவர். மலை வண்டிகளில் 500, 625, 750 என்ற அளவுகள் சாதாரணம்.

மலையில் கிலோமீட்டர் கணக்குக்கு அர்த்தம் கிடையாது. எவ்வளவு உயரம் ஏறப் போகிறீர்கள் என்பதுதான் பேட்டரியைத் தின்னும். நீங்கள் 75 கிலோ, வண்டியும் பையும் தண்ணீரும் சேர்ந்து 25 கிலோ, ஆக மொத்தம் 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இந்த எடையை 1,000 மீட்டர் உயரத்துக்குத் தூக்க மட்டுமே சுமார் 272 வாட்-ஹவர் ஆற்றல் வேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்த நிறை, புவியீர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கும் கணக்குதான். டயர் உராய்வும் காற்றும் அதற்கு மேல்.

தமிழ்நாட்டில் பலருக்கும் தெரிந்த மேட்டுப்பாளையம்–கோத்தகிரி சாலையில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். தூரம் சுமார் 33 கிலோமீட்டர். ஏற்றம் 1,400 மீட்டருக்கு மேல். கணக்குக்கு 1,450 என்று கொள்வோம். எடையைத் தூக்க ஏறத்தாழ 400 வாட்-ஹவர். தடித்த மலை டயரின் உராய்வுக்கும் காற்றுக்கும் இன்னொரு 150 முதல் 200 வரை. ஆக 550-லிருந்து 600 வாட்-ஹவர் வரை சக்கரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். நீங்கள் நிதானமாக 100 வாட் அளவுக்கு மிதித்து இரண்டரை மணி நேரத்தில் ஏறினால், உங்கள் கால்கள் தருவது 250. மீதி 300 முதல் 350 வரை மோட்டாரின் பங்கு. மோட்டாரில் வீணாவதையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 400 முதல் 440 வரை போகும். 500 வாட்-ஹவர் பேட்டரி கொஞ்சம் மிச்சம் வைத்துக் கோத்தகிரியில் சேர்த்துவிடும். 360 வாட்-ஹவர் பேட்டரி வழியிலேயே தீர்ந்துவிடும். அப்புறம் கனமான வண்டியை வெறும் காலால் ஏற்ற வேண்டியதுதான்.

இதே ஏற்றத்தில் மோட்டாரை உச்ச உதவியில் வைத்து வேகமாகப் போனால் என்ன ஆகும்? நேரம் குறையும். நேரம் குறைந்தால் உங்கள் கால்களின் பங்கும் குறையும், காற்றின் தடை கூடும், மோட்டார் இரண்டையும் ஈடு கட்ட வேண்டும். 500 வாட்-ஹவரும் போதாமல் போகலாம். பேட்டரி எவ்வளவு தூரம் வரும் என்பது கடைசியில் உங்கள் கால்களிடமும் பொறுமையிடமும்தான் இருக்கிறது.

இறங்கும்போது பேட்டரி மறுபடி சார்ஜ் ஆகுமா என்று கேட்பவர்கள் உண்டு. நடு மோட்டார் வண்டிகளில் ஆகாது. செயின் பின்சக்கரத்தை ஒரு பக்கமாக மட்டும்தான் இழுக்கும். இறக்கத்தில் சக்கரம் மோட்டாரைத் திருப்பிச் சுற்ற வழியில்லை.

எடையும் மற்ற உறுப்புகளும்

முழுத் திறன் கொண்ட மின்சார மலை சைக்கிள் 22 முதல் 25 கிலோ வரை இருக்கும். சாதாரண மலை சைக்கிளை விட ஏறத்தாழ பத்துக் கிலோ கூடுதல். சிறிய மோட்டாரும் சிறிய பேட்டரியும் வைத்த இலகு வகை 16 முதல் 19 கிலோவுக்குள் வரும். ஏற்கெனவே சைக்கிளில் மலையேறிப் பழகியவர், உடலில் தெம்பு உள்ளவர், வளைந்து நெளிந்து துள்ளும் வண்டியை விரும்புபவர் என்றால் இலகு வகையைப் பாருங்கள். புதிதாகத் தொடங்குபவர், நீண்ட செங்குத்து ஏற்றங்கள் உள்ள இடத்தில் இருப்பவர், முழங்கால் வலி உள்ளவர், தன்னைவிட வலுவான நண்பர்களுடன் போகிறவர் என்றால் முழுத் திறன் வகைதான் சரி. எது வாங்கினாலும், வாங்கும் முன் கடையிலேயே அதை இடுப்பு உயரத்துக்குத் தூக்கிப் பாருங்கள். விழுந்த மரத்தைத் தாண்டவும், வேலியைக் கடக்கவும், மாடிப்படி ஏற்றவும் தூக்கித்தான் ஆக வேண்டும். வண்டியைத் தள்ளுவதற்கு 'வாக் மோட்' இருக்கும்; பொத்தானை அழுத்திப் பிடித்தால் நடக்கும் வேகத்தில் வண்டி கூடவே வரும். தூக்குவதற்கு அப்படி எதுவும் இல்லை.

மோட்டாரை அணைத்துவிட்டும் கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். 25 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகும்போது நீங்கள் ஓட்டுவது அந்த வண்டியைத்தான்.

பிரேக்கில் மிச்சம் பிடிக்காதீர்கள். இவ்வளவு எடை இறக்கத்தில் வரும்போது ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் கட்டாயம். 200 மில்லிமீட்டர் அளவுள்ள டிஸ்க்கும், அதை நான்கு பிஸ்டன்களால் இறுக்கிப் பிடிக்கும் காலிப்பரும் இருந்தால் நல்லது. கேபிள் இழுக்கும் மெக்கானிக்கல் டிஸ்க், நீண்ட மலை இறக்கத்தில் விரல்களைக் களைக்கவைத்துவிடும்.

சஸ்பென்ஷன் முன்னால் மட்டும் போதுமா, பின்னாலும் வேண்டுமா என்பது பாதையைப் பொறுத்தது. மண் சாலை, தேயிலைத் தோட்டத்துப் பாதை மாதிரியான இடங்களுக்கு முன் ஃபோர்க் மட்டும் உள்ள வண்டி போதும். விலையும் பராமரிப்பும் குறைவு. பாறையும் வேரும் படியும் உள்ள பாதைக்கு இரண்டு பக்கமும் வேண்டும். 130 முதல் 150 மில்லிமீட்டர் வரை அசைவு இருந்தால் பெரும்பாலானவர்களுக்குப் போதும். டயர் 2.4 அங்குலத்துக்குக் குறையாமல், பக்கச்சுவர் தடித்ததாகப் பாருங்கள். எடை கூடுதலான வண்டியில் மெல்லிய டயர் சீக்கிரம் கிழியும். ஏறும்போது உயர்த்தி, இறங்கும்போது ஒரு பொத்தானில் தாழ்த்தக்கூடிய டிராப்பர் சீட் போஸ்ட் இல்லாத வண்டியை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

அளவு சரியாக இருப்பது இவை எல்லாவற்றையும்விட முக்கியம். பெரிய வண்டி தள்ளுபடியில் கிடைக்கிறது என்று ஓர் அளவு கூட்டி வாங்கினால், 24 கிலோவைத் திருப்பும் ஒவ்வொரு வளைவிலும் சிரமப்படுவீர்கள். அப்புறம் சர்வீஸ். மோட்டார் பழுதானால் எந்த ஊருக்கு அனுப்ப வேண்டும், மாற்றுப் பேட்டரி இன்னும் ஐந்து வருடம் கழித்துக் கிடைக்குமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். இந்த மோட்டார்களைத் தெருமுனை மெக்கானிக் பிரித்துப் பார்க்க முடியாது; நிறுவனத்தின் மென்பொருள் இல்லாமல் பலவற்றில் கோளாறு என்ன என்றுகூடத் தெரியாது.

ஏறி உட்கார்ந்த பிறகு

உதவி நிலைகள் ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒவ்வொரு பெயரில் இருக்கும். போஷ் வண்டியில் ஈகோ நிலையில் உங்கள் உழைப்போடு அதில் 60 சதவீதம் சேரும். டர்போவில் 340 சதவீதம் வரை சேரும். நீங்கள் 100 வாட் மிதித்தால் மோட்டார் 340 வாட் தரும் என்று பொருள். 2017-இல் அவர்கள் கொண்டுவந்த ஈ-எம்டிபி நிலை, காலின் அழுத்தத்தைப் பார்த்து இடைப்பட்ட அளவைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். ஷிமானோவில் டிரெயில் நிலை ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும். புதிதாக ஓட்டுபவர் முதல் சில நாட்களுக்கு ஈகோவிலேயே ஓட்டுங்கள். பேட்டரியை மிச்சம் பிடிப்பதற்காகச் சொல்லவில்லை. வண்டியின் எடையும் மோட்டார் சேர்ந்துகொள்ளும் விதமும் உங்கள் உடம்புக்குப் பழக வேண்டும், அதற்காக.

மிதிக்கும் வேகத்தைக் கவனியுங்கள். நிமிடத்துக்கு 70 முதல் 90 சுற்று என்பது நடு மோட்டாருக்கும் உங்கள் முழங்காலுக்கும் பொருந்தும் வேகம். கடினமான கியரில் போட்டு மெதுவாக அழுத்தி ஏறினால் மோட்டார் சூடேறும், பேட்டரி வேகமாகக் கரையும், செயின் தேயும். ஏற்றம் தெரிந்ததுமே, அதில் கால் வைக்கும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். கியர் மாற்றும் அந்த ஒரு கணம் காலின் அழுத்தத்தைத் தளர்த்துங்கள். பெடல் சுற்றட்டும், அழுத்தம் மட்டும் வேண்டாம். உங்கள் பலமும் மோட்டாரின் பலமும் ஒன்றாக இழுக்கும்போது கியரை மாற்றினால் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். செயினும் பல்சக்கரமும் அடிவாங்கும் சத்தம் அது. சாதாரண சைக்கிளைவிட இதில் செயின் சீக்கிரம் தேயும் என்பதால் தேய்மானம் பார்க்கும் கருவி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை.

புதியவர்களை அதிகம் தடுமாற வைப்பது, ஏற்றத்தின் நடுவில் நின்றுவிட்டுத் திரும்பக் கிளம்புவதுதான். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். நின்றதும் முதல் வேலை, உதவி நிலையைக் குறைப்பது. டர்போவில் கிளம்பினால் பின்சக்கரம் மண்ணைக் கிளறிச் சுழலும், இல்லையென்றால் முன்சக்கரம் எழும்பும். கடினமான கியரில் நின்றிருந்தால், பின்சக்கரத்தை லேசாகத் தூக்கிப் பெடலைக் கையால் சுற்றி லேசான கியருக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு, சீட்டைக் கொஞ்சம் தாழ்த்தி, அதன் முன் நுனியில் உட்காருங்கள். வலுவான காலின் பெடல், கடிகாரத்தில் 2 மணி முள் நிற்கும் இடத்தில் இருக்கட்டும். நெஞ்சை ஹேண்டில்பாரை நோக்கித் தாழ்த்தி, முழங்கைகளை மடக்கி, பார்வையை நான்கைந்து மீட்டர் மேலே வையுங்கள். பிரேக்கைப் பிடித்தபடியே பெடலை மெல்ல அழுத்துங்கள். மோட்டார் இழுக்க ஆரம்பிப்பது காலில் தெரியும். அந்த நொடியில் பிரேக்கை விட்டுவிட்டு, மற்ற காலைப் பெடலில் வைத்துச் சுற்றுங்கள். இரண்டாவது சுற்றைத் தொடங்கிவிட்டால் வண்டி நிலைக்கு வந்துவிடும். பாதை அகலமாக இருந்தால் நேராக ஏறாமல் குறுக்காகக் கிளம்புவது இன்னும் எளிது. சமதளத்தில் பழகி, பிறகு சிறிய மேட்டில் பழகி, அப்புறம் மலைக்குப் போங்கள்.

இதோடு சேர்த்து ஒரு எச்சரிக்கை. மோட்டார் இயங்கும் நிலையில் வண்டியை நிறுத்திக்கொண்டு பேசும்போது, ஒரு காலைப் பெடலின்மேல் சும்மா வைக்கக் கூடாது. டார்க் சென்சாருக்கு அது மிதிப்பதாகவே தெரியும். பிரேக் பிடிக்காமல் இருந்தால் வண்டி உங்களை விட்டுப் பாயும்.

பாறைகள் நிறைந்த ஏற்றத்தில் முழுச் சுற்று மிதித்தால் பெடல் கல்லில் இடிக்கும். மோட்டார் இருப்பதால் சாதாரண சைக்கிளில் மிதிக்கவே முடியாத இடங்களிலும் மிதிக்க முயல்வோம். அதனால் இடிகளும் கூடும். பெடலை அரைச் சுற்று முன்னே, அரைச் சுற்று பின்னே என்று ஆட்டிக் கல்லைத் தாண்டிய பிறகு முழுச் சுற்றுக்குப் போக வேண்டும். இப்போது பல வண்டிகளில் 160, 165 மில்லிமீட்டர் என்று குட்டையான கிராங்க் (பெடலைத் தாங்கும் தண்டு) வருவது இதற்காகத்தான். சில புதிய மோட்டார்களில் கால் நின்ற பிறகும் ஒரு கணம் தள்ளும் வசதி உண்டு. படி போன்ற பாறையில் ஏற அது பெரிய உதவி. குறுகிய கொண்டை ஊசி வளைவில் அதுவே உங்களை விளிம்புக்குத் தள்ளிவிடலாம், ஆகவே உங்கள் வண்டியில் அது இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இறக்கத்தில் மோட்டாருக்கு வேலையில்லை, எடைக்குத்தான் வேலை. சீட்டைத் தாழ்த்தி, எழுந்து நின்று, இரண்டு பெடல்களும் தரைக்கு இணையாக, குதிகால் சற்றுத் தாழ்ந்து இருக்கட்டும். ஒரே ஒரு விரல் பிரேக்கில், மற்ற விரல்கள் ஹேண்டில்பாரில். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கை விட்டுத் திரும்புங்கள். பிரேக்கை விடாமல் லேசாக அழுத்திக்கொண்டே இறங்கினால் டிஸ்க் சூடேறிப் பிடிமானம் குறையும். பலமாகப் பிடித்து, விட்டு, மறுபடி பிடிப்பதே சரி. சாதாரண சைக்கிளில் நிற்கும் தூரத்தில் இது நிற்காது. அந்த இடைவெளியை முன்கூட்டியே விட்டுக்கொள்ளுங்கள். இந்த எடைக்கு ஒரு நல்ல குணமும் உண்டு: சரளையில் சாதாரண சைக்கிள் துள்ளும் இடத்தில் இது தரையோடு ஒட்டிப் போகும்.

எங்கே ஓட்டலாம்

மோட்டார் இருப்பதாலேயே சில பாதைகள் மூடியிருக்கும். அமெரிக்காவில் கூட்டாட்சி அரசின் நில மேலாண்மைப் பணியகம் 2020-இல் கொண்டுவந்த விதி, மோட்டார் வாகனம் போகாத பாதைகளில் மின்சார சைக்கிளை அனுமதிப்பதா என்பதை அந்தந்த இடத்து அதிகாரியின் முடிவுக்கு விட்டது. ஒரு பாதையில் போகலாம், பக்கத்துப் பாதையில் போகக் கூடாது. ஆஸ்திரியாவில் 1975-ஆம் ஆண்டு வனச் சட்டப்படி காட்டில் எவரும் நடக்கலாம். சைக்கிள் ஓட்ட நில உரிமையாளரின் சம்மதம் வேண்டும், மோட்டார் இருந்தாலும் இல்லாவிட்டாலும். அங்கே சைக்கிளுக்கென்று குறியிட்ட பாதைகளைத் தேடித்தான் போக வேண்டும். இங்கிலாந்தில் குதிரைப் பாதைகளில் சைக்கிளுக்கு அனுமதி உண்டு, 250 வாட் எல்லைக்குள் இருக்கும் மின்சார சைக்கிளுக்கும் சேர்த்து.

தமிழ்நாட்டில் காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதி இல்லாமல் நுழைய முடியாது. நீலகிரியிலும் ஆனைமலையிலும் அழகாகத் தெரியும் ஒற்றையடிப் பாதைகள் பல யானைகளும் காட்டுமாடுகளும் நடக்கும் பாதைகள். மோட்டார் சத்தமே இல்லாத வண்டியில் வளைவைத் திரும்பும்போது அவை எதிரே நின்றால் இருவருக்குமே ஆபத்து. மலைக் கிராமச் சாலைகளும், உரிமையாளரிடம் கேட்டுப் போகும் தோட்டப் பாதைகளுமே பழகுவதற்குத் தாராளம்.

வேக எல்லையை உடைக்கும் சிப் போட்டுத் தருகிறோம் என்று விற்பவர்களிடம் போகாதீர்கள். உத்தரவாதம் போய்விடும், சட்டப்படி வண்டி சைக்கிளாகவும் இருக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, பாதைகளைப் பராமரிப்பவர்கள் மின்சார சைக்கிளை மொத்தமாகத் தடை செய்ய இப்படிப்பட்ட வண்டிகளைத்தான் காரணம் காட்டுவார்கள்.

வீட்டுக்கு வந்ததும்

சேற்றைக் கழுவலாம், ஆனால் சர்வீஸ் நிலையத்தில் பீய்ச்சியடிக்கும் உயர் அழுத்தத் தண்ணீர் வேண்டாம். மோட்டாரின் சீலைத் தாண்டி உள்ளே போகும். வாளித் தண்ணீரும் தூரிகையும் போதும். பேட்டரி வெயிலில் காய்ந்து சூடாக இருந்தால் உடனே சார்ஜரில் போடாமல், நிழலில் ஆறவிட்டுப் போடுங்கள். சில வாரங்களுக்கு ஓட்டப் போவதில்லை என்றால் முழுதாகவோ காலியாகவோ வைக்காமல், பாதி அளவு சார்ஜில் உலர்ந்த, குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். நிறுவனம் கொடுத்த சார்ஜரைத் தவிர வேறு எதையும் செருக வேண்டாம். விழுந்து அடிபட்டு வீங்கிய பேட்டரியை, ஓடுகிறதே என்று வைத்துக்கொள்ளாதீர்கள். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் அணைப்பது கடினம்.

வெளிநாட்டுக்கோ வெளியூருக்கோ விமானத்தில் வண்டியை எடுத்துப் போக நினைத்தால், பேட்டரி கூட வராது. பயணிகள் விமானத்தில் 160 வாட்-ஹவருக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைக் கைப்பையிலும் எடுத்துப் போக முடியாது, சரக்குப் பெட்டியிலும் போட முடியாது. மலை வண்டியின் பேட்டரி அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். போகும் இடத்திலேயே வண்டியை வாடகைக்கு எடுப்பதுதான் நடைமுறை. ஆல்ப்ஸ் மலை ஊர்களில் வாடகைக் கடைகள் நிறைய இருக்கின்றன. வாங்கும் முன் இரண்டு மூன்று வகை மோட்டார்களை ஒரே ஏற்றத்தில் ஓட்டி ஒப்பிட நினைப்பவர்களுக்கும் அந்தக் கடைகள் பயன்படும்.